காவிரிக் கரை வீட்டின் புல்தரை: மாதம் பார்த்துச் செய்யும் வேலைகள்

ஜேடர்பாளையம், கபிலர்மலை, பரமத்தி வேலூர் பக்கத்தில் ஐந்து பத்து சென்ட் மனையில் வீடு கட்டி, வாசலில் கொஞ்சம் புல்லும் சுற்றிலும் நாலு மரம், பூச்செடியும் வைத்துத் தாமே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம்.

புல்தரை பற்றிக் கடைகளில் கிடைக்கும் புத்தகங்களில் பல குளிர்நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. பனிக்குப் பிறகு உரம் போடு, கோடையில் வாரம் ஒருமுறை வெட்டு என்று சொல்லும். அந்தக் கணக்கை நம் ஊரில் பின்பற்றினால் சித்திரையில் உரம் போட்டுப் புல்லைக் கருக்கிவிடுவோம். நமக்கு ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. அதில் பெரும்பங்கு ஆவணிக்கும் கார்த்திகைக்கும் நடுவில் விழுகிறது. கோடை மழை வைகாசியை ஒட்டி இரண்டு மூன்று முறை தலைகாட்டும். ஆனி, ஆடியில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். எந்த வேலையை எப்போது செய்வது என்பதை இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

தொடங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: புல்தரை ஒரு சென்ட்டுக்கு மேல் வேண்டாம். ஊரின் ஒரு பக்கம் காவிரி, ஜேடர்பாளையம் அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் இன்னொரு பக்கம் என்று இருப்பதால் இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்ற நினைப்பு பலருக்கு உண்டு. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் அந்த வாய்க்கால் வாழைக்கும் கரும்புக்கும் வெற்றிலைக்கும் ஆனது. அதில் மோட்டார் வைத்து வீட்டுப் புல்லுக்கு இழுப்பது முறையாகாது. நம் புல் குடிக்கப்போவது போர் தண்ணீரை. பங்குனியில் அந்தப் போர் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கணக்கு எளிது. கடும் வெயிலில் ஓர் அருகம்புல் தரைக்கு வாரத்துக்குச் சுமார் 25 மி.மீ. தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டில் 25 மி.மீ. நிற்க வைக்க 1,000 லிட்டர் பிடிக்கும், அதாவது மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி முழுவதும் வாரம் ஒருமுறை காலி. ஐந்து சென்ட் என்றால் ஐந்து தொட்டி. மீதி இடத்தை மரநிழலுக்கும் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஆவாரை போன்ற தாங்கும் செடிகளுக்கும் விட்டுவிடுங்கள். ஒரு சென்ட் புல்லை அழகாக வைத்திருக்க முடியும். ஐந்து சென்ட் புல்லைக் காயாமல் வைத்திருப்பதே போராட்டம்.

உங்கள் மண் எது?

ஆற்றை ஒட்டிய மனைகளில் வண்டல் மண். மேட்டுப் பக்கம் போகப் போகச் செம்மண்ணும் அதற்கடியில் சுக்காங்கல்லும் வரும். இரண்டுக்கும் பராமரிப்பு வேறு. வீட்டிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம்.

1. ஒரு பிடி காய்ந்த மண்ணைக் கிண்ணத்தில் போட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். அந்த மண்ணில் புல் இரும்புச் சத்து கிடைக்காமல் வெளுக்கும். மருந்தைக் கோடைப் பகுதியில் சொல்கிறேன்.
2. ஓர் அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றியது நாலு மணி நேரம் கழித்தும் நின்றால் வடிகால் போதாது. ஐப்பசியில் அங்கே புல் அழுகும்.

வீடு கட்டி முடித்த மனையில் மேல்மண் என்று எதுவுமே இருக்காது. சிமென்ட் கலவை, ஜல்லி, உடைந்த டைல்ஸ், பெயின்ட் டப்பா மூடி எல்லாம் அரை அடிக்குள் புதைந்து கிடக்கும். அதன் மேலேயே இரண்டு டிராக்டர் செம்மண் கொட்டிப் புல் பதித்துவிட்டுப் போவது பல ஒப்பந்தக்காரர்களின் பழக்கம். ஆறு மாதம் பச்சையாக இருக்கும். அதற்குப் பிறகு கலவை கிடந்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக மஞ்சளடிக்கும். காசு கொடுக்கும் முன் கடப்பாரையை நாலு இடத்தில் குத்திப் பாருங்கள்.

முறையான மண் பரிசோதனை வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ கேளுங்கள். போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள்.

எந்தப் புல்?

அருகம்புல்லைத்தான் முதலில் சொல்வேன். வயலில் களை என்று பிடுங்கி எறியும் அதே இனம்தான், நாற்றங்காலில் மெல்லிய இலை ரகமாகக் கிடைக்கும். வெயிலையும் மிதியையும் தாங்கும். தண்ணீர் குறைந்தால் காய்ந்ததுபோல் படுத்துவிட்டு மழை பட்டதும் துளிர்க்கும். நிழல் மட்டும் ஆகாது. தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

தென்னை, மா நிழல் விழும் இடத்துக்கு அகன்ற இலை கொண்ட எருமைப்புல் தேவலாம். கொரியன் புல் மெத்தென்று இருக்கும், படத்தில் அழகாக விழும். ஆனால் பரவ நாளாகும், மேடு மேடாகத் தடிக்கும், கோடையில் தண்ணீர் அதிகம் கேட்கும். இரண்டு பாத்தி அளவுக்கு மேல் அதை வைக்காதீர்கள்.

புதிதாகப் போடுபவர்களுக்கு: சித்திரையில் தொடங்கி ஆவணியில் நடவு

நாலு மாதம் காத்திருக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். காரணம் கோரை. நம் பக்கத்து மண்ணில் கோரை இல்லாத மனை அரிது. அதை ஒழிக்காமல் புல் பதித்தால் அடுத்த ஆண்டு உங்கள் வாசலில் இருப்பது கோரைத் தரை.

மேலே தெரியும் கோரை மூன்று தாள், நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான். ஈர மண்ணில் முள்கரண்டியால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். தண்டின் அடியில் ஒரு முடிச்சு, அதிலிருந்து கம்பிபோல் ஒரு வேர், அதன் நுனியில் சுண்டைக்காய் அளவில் கறுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. கையால் இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். கிழங்குகள் உள்ளேயே தங்கி ஒன்றுக்கு நாலாக முளைக்கும். முளைவிட்டு மூன்று வாரம் போனால் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். கீழே சொல்லும் வரிசை முழுவதும் இந்த மூன்று வாரக் கணக்கில்தான் நிற்கிறது.

1. சித்திரை. ஓர் அடி ஆழம் மம்பட்டியால் கொத்திக் கட்டிகளைப் புரட்டிப் போடுங்கள். கல், கலவை, கண்ணாடித் துண்டு எல்லாம் வெளியே. கட்டிகளை உடைக்காமல் வெயிலில் காய விடுங்கள். மேலே வந்த கிழங்குகள் சித்திரை வெயிலில் வற்றிச் செத்துவிடும்.
2. வைகாசி. கோடை மழை பெய்ததும் தப்பித்த கோரை முளைக்கும். மழை இல்லாவிட்டால் ஒருமுறை தண்ணீர் விட்டு நீங்களே முளைக்க வையுங்கள். முளைத்த 15 நாளில் முள்கரண்டியால் கிழங்கோடு கிளப்பி எடுங்கள்.
3. ஆனி. மறுபடி தண்ணீர், மறுபடி முளை, மறுபடி களை. இந்த இரண்டாம் சுற்றைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். எடுத்த கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள். நன்றாகக் காயவைத்துத் தனியாக அகற்றுங்கள்.
4. ஆடி. ஒரு சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து கொத்துங்கள். பிறகு மட்டம் எடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, பத்து அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் சரிவு இருக்கட்டும். தண்ணீர் விட்டு இறங்க வைத்து, பள்ளம் தெரியும் இடத்தை நிரப்பி மறுபடி மட்டம் பாருங்கள்.
5. ஆவணி. காற்று அடங்கி மழை தொடங்கும் சமயம். இரண்டு மூன்று கணு உள்ள அருகுத் துண்டுகளைச் சிறு முடிச்சாகச் சேர்த்து, 10 செ.மீ. இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். இந்த இடைவெளிக்குச் சென்ட்டுக்குச் சுமார் 4,000 முடிச்சு வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் 15 செ.மீ. விட்டு ஊன்றலாம், மூட இன்னும் சில வாரம் பிடிக்கும்.
6. முதல் இரண்டு வாரம் காலை, மாலை பூவாளியால் லேசாக நனையுங்கள். பிறகு நாளுக்கு ஒருமுறை, அதன் பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று குறையுங்கள்.
7. புல் 6 செ.மீ. உயர்ந்ததும் முதல் வெட்டு. மிஷின் வேண்டாம். வேர் பிடிக்காத முடிச்சுகளை அது பிடுங்கிவிடும். கருக்கான கத்தரியால் நுனியை மட்டும் எடுங்கள்.

*குறிப்பு:* கோடைதான் என்று சொல்லும் அளவுக்கு வெயில் அடிக்கும் ஆவணியும் உண்டு. அப்படியானால் மாலையில் மட்டும் நடுங்கள், ஊன்ற வேண்டிய முடிச்சுகளை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள்.

எரு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை

நாமக்கல் மாவட்டத்தில் கோழி எரு கிடைப்பது சுலபம், விலையும் குறைவு. பண்ணையிலிருந்து வந்த சூட்டோடு புல்லில் போட்டால் இரண்டே நாளில் கருகும், தெருவே நாறும், ஈ மொய்க்கும். குறைந்தது மூன்று மாதம் மக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடும் நெடியும் இல்லாமல், காப்பித்தூள்போல் உதிர வேண்டும். மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

தென்னை நார்க்கழிவும் அப்படித்தான். பச்சையாகப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், உப்பும் சேரும். மக்கி, கறுத்துப்போன நார்க்கழிவைக் கேட்டு வாங்குங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை: காப்பாற்றும் காலம்

இந்த மூன்று மாதமும் புல்லை வளர்க்கப் பார்க்காதீர்கள், உயிரோடு வைத்திருந்தால் போதும்.

*தண்ணீர்.* தினம் மாலையில் ஹோஸைப் பிடித்துப் பத்து நிமிடம் தெளிப்பது மனதுக்கு இதம், புல்லுக்குக் கேடு. மேல் அரை அங்குலம் மட்டும் நனைவதால் வேர் மேலேயே சுற்றும், ஒருநாள் மின்சாரம் போனால் வாடும். வாரம் இருமுறை, ஆழமாக, விடிகாலையில் விடுங்கள். எவ்வளவு நேரம் விடுவது என்பதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

1. ஒரே அளவுள்ள நாலைந்து காலி டப்பாக்களைப் புல்தரையில் அங்கங்கே வையுங்கள்.
2. ஸ்பிரிங்ளரைத் திறந்து 15 நிமிடம் கழித்து நிறுத்துங்கள்.
3. ஒவ்வொரு டப்பாவிலும் நிற்கும் தண்ணீரை ஸ்கேலால் அளங்கள். சராசரி 4 மி.மீ. என்றால், 12 மி.மீ.க்கு 45 நிமிடம்.
4. ஒரு டப்பாவில் 6, இன்னொன்றில் 2 என்று வந்தால் ஸ்பிரிங்ளரை நகர்த்தி வையுங்கள். திட்டாகக் காயும் இடங்களுக்குப் பல சமயம் காரணம் இதுதான்.

புல்லுக்குத் தாகம் என்பதைப் பார்த்தே சொல்லலாம். நடந்தால் பதிந்த காலடி எழும்பாமல் நிற்கும், நிறம் லேசாக நீலம் பாரித்த சாம்பலாக மாறும். அன்று தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

*வெட்டு.* மிஷின் உயரத்தை 4 செ.மீ.க்கு ஏற்றுங்கள். நீண்ட இலை மண்ணுக்கு நிழல். எந்தப் பருவத்திலும் இருக்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். ஊருக்குப் போய்விட்டு வந்து முழங்கால் உயரப் புல்லை ஒரே நாளில் மொட்டையடிப்பது கோடையில் புல்லைக் கொல்லும் வழி.

*மஞ்சள்.* புல் வெளுத்தால் உடனே யூரியா மூட்டையைத் தேடுகிறார்கள். இளந்தாளை ஒடித்துக் கிட்டத்தில் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கோடு கோடாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. சுக்காங்கல் மண்ணிலும் கடினமான போர் தண்ணீரிலும் சகஜம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொருமுறை. டைல்ஸில் பட்டால் துருக் கறை போகாது. நடைபாதையில் முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்துக்கொண்டு, பட்ட இடத்தை உடனே கழுவிவிடுங்கள்.

*மரமும் செடியும்.* தென்னை, மா, மாதுளைப் பாத்திகளில் காய்ந்த ஓலை, கரும்புச் சோகை எதையாவது மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் அரை அடி தள்ளி. மாவுப்பூச்சி இந்த வெயிலில்தான் செம்பருத்தியை மொய்க்கும். வெள்ளைப் பஞ்சு தெரிந்த நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். எறும்பு ஏறும் வழியையும் பாருங்கள். எறும்புதான் அதற்குக் காவல்.

ஆனி, ஆடி: காற்றும் வண்டும்

வைகாசிக் கடைசியில் முதல் நல்ல மழை பெய்த மாலையில் வேப்பமரத்தடியில் நின்று பாருங்கள். பழுப்பு நிற வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பிலைக்கு ஏறும். அவை இடும் முட்டையிலிருந்து வருவதுதான் புல்லின் வேரைத் தின்னும் வெள்ளைப்புழு. அந்த இரண்டு மூன்று மாலைகளில் கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

புழு இருக்கிறதா என்று ஆடியில் சோதியுங்கள். புல்லைப் பிடித்து இழுத்தால் வேரில்லாமல் பாய்போல் சுருண்டு வருகிறதா? மைனாக்கள் ஒரே இடத்தைக் கொத்திக் கிளறுகின்றனவா? ஒரு சதுர அடியை நாலு அங்குல ஆழம் தோண்டிப் பாருங்கள். வளைந்து கிடக்கும் வெண்புழு ஐந்துக்கு மேல் இருந்தால் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாண மருந்தை ஈர மண்ணில், மாலையில் இடுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மைனாவிடமே விட்டுவிடலாம்.

இந்த இரு மாதங்களில் எந்த மருந்தையும் தெளிப்பானில் அடிக்காதீர்கள். காற்று பக்கத்து நிலத்துக்குக் கொண்டுபோகும். நம் ஊரில் பக்கத்து நிலம் வெற்றிலைக் கொடிக்காலாக இருக்கக்கூடும். வெற்றிலையைச் சமைப்பதில்லை, பறித்துத் துடைத்து அப்படியே வாயில் போடுகிறோம். 2,4-டி போன்ற களைக்கொல்லி காற்றில் போனால் அகன்ற இலைப் பயிர்கள் சுருண்டுபோகும். ஒரு சென்ட் புல்லில் வரும் களையைக் கையால் எடுப்பது ஒரு மாலை வேலை. அதற்காகக் களைக்கொல்லி வாங்க வேண்டிய அவசியமே எனக்குத் தெரியவில்லை.

தென்னை இருந்தால் மூன்றைப் பாருங்கள். தொங்கும் காய்ந்த மட்டைகளைக் காற்றுக்கு முன் ஆள் வைத்து இறக்குங்கள், கார் நிறுத்தும் இடத்தில் மட்டை விழுந்தால் கண்ணாடி தப்பாது. குருத்தோலை விசிறி வெட்டியதுபோல் முக்கோணமாக நறுக்கியிருந்தால் காண்டாமிருக வண்டு. அது முட்டையிடுவது உங்கள் எருக்குழியில்தான், குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குங்கள். ஓலையின் அடியில் வெள்ளைச் சுருள்களும் கீழிருக்கும் செடி இலைகளில் கரிப்படலமும் தெரிந்தால் அது சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டுப் பிறகு மாநிலம் முழுதும் பரவியது. அதற்குக் கடும் பூச்சிமருந்து அடித்தால் அதை அழிக்கும் நன்மைக் குளவியும் சாகும். மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். கரிப்படலத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசைத் தண்ணீர் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும்.

ஆடி 18 அன்று ஆற்றுக்கும் அணைக்கு அருகிலுள்ள அண்ணா பூங்காவுக்கும் கூட்டம் வரும், உங்கள் வீட்டுக்கும் உறவுக்காரர்கள் வருவார்கள். அதற்கு முந்தைய நாள் தண்ணீர் விடாதீர்கள். ஈரத் தரையில் பல பேர் நடந்தால் மண் இறுகிவிடும்.

ஆவணி, புரட்டாசி: வளர்க்கும் காலம்

உரத்துக்கு உகந்த மாதங்கள் இவைதான்.

1. நடமாட்டத்தால் இறுகிய இடங்களில் முள்கரண்டியை நாலு அங்குல ஆழம் குத்தி லேசாக அசைத்து எடுங்கள், அரை அடிக்கு ஒரு குத்து.
2. சலித்த வண்டல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு கலந்து அரை செ.மீ. கனத்துக்குத் தூவுங்கள். ஒரு சென்ட்டுக்கு 7 கன அடி பிடிக்கும். துடைப்பத்தால் தள்ளித் துளைகளில் இறக்குங்கள். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். மணலை ஆற்றில் அள்ளாதீர்கள், அனுமதியின்றி அள்ளுவது குற்றம். கழுவிய எம்-சாண்ட் போதும்.
3. பத்து நாள் கழித்துச் சென்ட்டுக்கு 250 கிராம் யூரியாவை இரண்டு மூன்று படி மணலில் கலந்து, தாளில் ஈரம் இல்லாத மாலையில், ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் வீசுங்கள். உடனே தண்ணீர் விடுங்கள். கைப்பிடியாக விழுந்த இடம் வட்டமாகக் கருகும்.

விநாயகர் சதுர்த்திக்கு அருகு பறிக்கக் குழந்தைகள் வருவார்கள். அருகம்புல் சாறு குடிப்பவர்களும் கேட்பார்கள். பூச்சிமருந்து தெளித்திருந்தால் கொடுக்காதீர்கள். வெட்டிய புல்லை ஆட்டுக்குப் போடுவதும் அப்படியே.

புது மரம் வைப்பதற்கும் புரட்டாசி நல்லது. புங்கன், மகிழம், நெல்லி தேர்ந்தெடுக்கலாம். வேலிக்குக் கொங்கு நாட்டுக் கிளுவை இருக்க, வேறெதற்குத் தேட வேண்டும்? அரளி பூவுக்கு நல்லது என்றாலும் இலை, பட்டை எல்லாமே நஞ்சு. சிறு குழந்தையும் ஆடு மாடும் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை: வடிகாலும் எச்சரிக்கையும்

மழை பிடித்துவிட்டால் புல்லுக்கு நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. யூரியா போடாதீர்கள், பூஞ்சாணம் பிடிக்கும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்துக்குச் சிறு வாய்க்கால் கீறி வடித்துவிடுங்கள். ஈரப் புல்லை வெட்டாதீர்கள். நாணயம் அளவில் வெளுத்த வட்டங்கள் தெரிந்தால் மாலைத் தண்ணீரை நிறுத்தி, வெட்டிய புல்லை வாரி எடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சில ஆண்டுகளாக இந்தச் சமயத்தில் வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் பழுத்துக் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் செத்தது என்று வெட்டிவிடாதீர்கள். பூச்சியும் பூஞ்சாணமும் சேர்ந்து செய்யும் வேலை அது. பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்க்கின்றன. காய்ந்த நுனிகளை மட்டும் நறுக்குங்கள்.

*பாதுகாப்பு:*

- மழைக்குப் பிறகு வாரம் ஒருமுறை தொட்டித் தட்டு, கொட்டாங்குச்சி, தென்னம்பாளை எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். டெங்குக் கொசு இவற்றில்தான் வளரும்.
- மேட்டூரில் உபரி நீர் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தால் ஆற்றோர மோட்டாரைச் சரிசெய்யவோ புட்வால்வைக் கழற்றவோ இறங்காதீர்கள். நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும்.
- இருட்டிய பிறகு டார்ச், கம்பூட்ஸ் இல்லாமல் புல்லில் நடக்காதீர்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்கழி முதல் மாசி வரை: பனியும் பழுதுபார்ப்பும்

பனியில் புல்லின் வளர்ச்சி தளரும். வெட்டுவதை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாகக் குறையுங்கள். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் போதும். பனி காயும் வரை புல்லில் நடக்காமல் இருந்தால் நோய் பரவாது.

மல்லிகையைக் கார்த்திகைக் கடைசிக்குள் கவாத்து செய்திருக்க வேண்டும். தவறியிருந்தால் மார்கழி முதல் வாரத்திலாவது, தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். நோஞ்சான் கிளைகளை அடியோடு எடுத்து, எரு வைத்துத் தண்ணீர் கட்டினால் பங்குனியில் பூ தொடங்கும்.

சுற்றுவட்டாரத்தில் கரும்பு வெட்டும்போது எலியும் அதன் பின்னால் பாம்பும் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். காம்பவுண்டை ஒட்டிய செங்கல், விறகுக் குவியல்களை அதற்கு முன்பே அகற்றுங்கள். சோகை கொளுத்துகிறார்கள் என்றால் அன்று காய்ந்த மூடாக்கு மேல் தண்ணீர் தெளித்து வையுங்கள், பொறி பறந்து வரும்.

வேலை குறைந்த இந்த மாதங்களில் மிஷினைக் கவனியுங்கள்.

1. பிளக்கைக் கழற்றிவிட்டே மிஷினைப் புரட்டுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்ரோல் மிஷின் என்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள்.
2. காய்ந்து ஒட்டிய புல்லைக் குச்சியால் சுரண்டுங்கள், விரலால் அல்ல.
3. கத்தியைச் சாணை பிடியுங்கள். வெட்டிய புல் நுனி நேராக இல்லாமல் நார்நாராகக் கிழிந்து மறுநாள் வெளுத்திருந்தால் கத்தி மழுங்கிவிட்டது.
4. ஒயரை முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். வெட்டுப்பட்ட ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். வெளி பிளக் பாயின்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், இல்லையென்றால் இப்போதே போடச் சொல்லுங்கள்.
5. வெட்டும்போது செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். வெட்டும் முன் கல், ஆணி, தேங்காய் ஓட்டைப் பொறுக்குங்கள். கத்தியில் பட்ட கல் ஜன்னலை உடைக்கும் வேகத்தில் பறக்கும்.

மாசி முடிவதற்குள் குழாய் இணைப்புகளில் ஒழுக்கு பாருங்கள். மோட்டாரை நிறுத்திய பிறகும் ஈரமாகவே இருக்கும் மண்தான் ஒழுக்கின் இடம். டப்பா சோதனையை ஒருமுறை செய்து, ஸ்பிரிங்ளர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லை நட்டு வையுங்கள். ஆவணிக்கு வேண்டிய கோழி எருவை இப்போதே வாங்கி, நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடிவிட்டால் உரிய காலத்தில் மக்கியிருக்கும்.